செடித் தொட்டியில் மீனுக்கு மருந்து: எதை எங்கே ஊற்றலாம், எதை ஊற்றவே கூடாது

மீனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் கை மருந்துப் புட்டிக்குத்தான் போகும். செடித் தொட்டி, அதாவது உயிருள்ள செடிகளோடு கூடிய மீன் தொட்டி, வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தண்ணீரில் ஊற்றிய மருந்து நோய்ப்பட்ட மீனை மட்டும் தேடிப் போவதில்லை. ஃபில்டரில் உட்கார்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்றுகொண்டிருக்கும் பாக்டீரியா, இறால், நத்தை, மாஸ் என்கிற சின்னப் பாசிச் செடி, வேர் ஓடியிருக்கும் மண் என்று எல்லாவற்றுக்குள்ளும் போகிறது, மண்ணுக்குள் போன சில மருந்துகள் லேசில் வெளியே வருவதும் இல்லை. அதனால் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான்: கிருமி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் மருந்து போக வேண்டும். மீனின் உடம்பில் மட்டும் இருந்தால் மீனைத் தனியே எடுத்து மருந்து கொடுங்கள். குடலில் இருந்தால் தீனியில் கலந்து கொடுங்கள். மண்ணிலும் இலையிலும் கிருமி தங்கும் நோயாக இருந்தால்தான் தொட்டியைப் பற்றியே யோசிக்க வேண்டும், அப்போதும் பல சமயம் மருந்தில்லாமலே வேலை முடிந்துவிடும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஒரே நாளில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பெரும்பாலும் நோய் இல்லை, தண்ணீர்க் கோளாறு. நோய் பொதுவாக ஒன்றில் ஆரம்பித்து மற்றதற்குப் பரவும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதித்துப் பாருங்கள், இரண்டும் 0 இருக்க வேண்டும். செடிகளுக்காக சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) போடுகிற தொட்டி என்றால் மூச்சு வாங்குவது எந்த நேரத்தில் என்று கவனியுங்கள். விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆனபின் திணறினால் சிஓ2 அதிகம் என்று சந்தேகப்படலாம். விடியற்காலை, விளக்கு போடுவதற்கு முன் திணறினால் ஆக்சிஜன் குறைவு, ஏனென்றால் இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் இழுக்கின்றன. இந்த இரண்டுக்கும் மருந்து ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்து, பார்ப்பது நிஜமாகவே நாம் நினைக்கிற நோய்தானா என்பது. ஆண் கோல்டுஃபிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வெள்ளைப் பொட்டுகள் வரும், அதை வெண்புள்ளி நோய் என்று நினைத்து மருந்து போடுகிறவர்கள் நிறைய. இதைவிட ஆபத்தான குழப்பம் காலம்னாரிஸ். வாயைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளையாக, இல்லை முதுகில் ஒரு வெளிறிய பட்டையாக வரும், பார்த்தால் பூஞ்சை மாதிரியே இருக்கும், ஆனால் அது பாக்டீரியா. பூஞ்சை மருந்தால் நேரம்தான் வீணாகும். வெண்புள்ளி என்று நினைத்து ஹீட்டரை ஏற்றிவிட்டால் இன்னும் கெடுதல், வெப்பத்தில் காலம்னாரிஸ் வேகமாகப் பரவி ஒன்றிரண்டு நாளிலேயே மீனைக் கொன்றுவிடும். வெண்புள்ளி என்றால் உப்புத் தூள் தூவியது போல தனித்தனியாக, எண்ணக்கூடிய புள்ளிகளாக இருக்கும். வெல்வெட் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி நோய் என்றால் இன்னும் நுணுக்கமாக, பொன் நிறத் தூசு போல; டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். ஒரு நல்ல புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணால் பார்ப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

தனித் தொட்டி ஒன்று அவசியம்

20 முதல் 40 லிட்டர் பிடிக்கிற சாதாரண பிளாஸ்டிக் டப் போதும். அடியில் மண்ணோ கல்லோ வேண்டாம், செடி வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு. வெறும் அடித்தளம் இருப்பதில் பெரிய லாபம் உண்டு: போட்ட மருந்தை மண் உறிஞ்சாது, அதனால் அளவு சரியாக நிற்கும், கழிவையும் உதிர்ந்து விழுந்த ஒட்டுண்ணிகளையும் தினமும் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம்.

இதற்கான ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் ஃபில்டருக்குள்ளேயே கூடுதலாக ஒன்று போட்டு வையுங்கள். தேவைப்படும் அன்று அப்படியே எடுத்து மாட்டினால் பாக்டீரியா தயாராக இருக்கும். ஆனால் மருந்து அந்தப் பாக்டீரியாவையும் பாதிக்கலாம் என்பதால் அதை முழுசாக நம்பாமல் தினமும் அம்மோனியா சோதித்துத் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றிய தண்ணீருக்கு மட்டும் மருந்து சேர்க்க வேண்டும். 30 லிட்டரில் 10 லிட்டர் மாற்றினால் 10 லிட்டருக்கான அளவுதான், முழு 30 லிட்டருக்கு இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி டப்பில் ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொண்டாலும் குழப்பம் வராது.

வலை, வாளி, குழாய் எல்லாம் தனியாக இருக்கட்டும். தனியாக வைக்க வசதி இல்லை என்றால் நன்றாகக் காயவையுங்கள், வெண்புள்ளிக் கிருமி முழுக்கக் காய்ந்தால் பிழைக்காது, ஈர வலையில் தாராளமாகப் பயணம் செய்யும்.

தொட்டியில் நிஜமாக எத்தனை லிட்டர்?

மருந்து அளவில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். 60 × 30 × 36 செ.மீ. தொட்டியை எல்லோரும் 65 லிட்டர் என்பார்கள். விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, 32 செ.மீ. வரை தண்ணீர் நின்றால் அது 57.6 லிட்டர். அடியில் 5 செ.மீ. மண் போட்டிருந்தால் அது மட்டும் 9 லிட்டர் இடம். மண்ணின் இடுக்குகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும் என்பதால் ஐந்து லிட்டர் போல கழித்துக்கொள்ளலாம். கல், மரக்கட்டைக்கு இன்னொரு நான்கு. மிஞ்சுவது 48 லிட்டர் சொச்சம்தான். புட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து 65 லிட்டருக்கு ஊற்றினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். நல்ல மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள இடைவெளி சில மருந்துகளில் அவ்வளவுகூட இருக்காது. தொட்டியை முதல் முறை நிரப்பும்போதே அளந்த வாளியால் நிரப்பி எண்ணிக்கையைக் குறித்து வைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. சொட்டு மருந்தை சிரிஞ்சில் அளந்து போடுங்கள், மூடியில் குத்துமதிப்பாக ஊற்றுவது வேண்டாம்.

வெண்புள்ளி: இதை மட்டும் விரிவாக

செடித் தொட்டிக்காரர்களைக் கலங்க வைக்கும் நோய் இதுதான், இதன் வாழ்க்கைச் சுழற்சி புரிந்தால் பயம் பாதி போய்விடும். இக்தியோப்திரியஸ் என்கிற ஒட்டுண்ணி, மீனின் மேல் தோலுக்கு அடியில் புகுந்து அங்கே வளர்கிறது, நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். அந்த நிலையில் தண்ணீரில் ஊற்றிய மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து மண்ணிலோ இலையிலோ ஒட்டி, சுற்றி ஒரு உறை கட்டிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து போகாது. உறை உடைந்து குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்துகின்றனவே, அந்த நேரத்தில் மட்டும்தான் மருந்து வேலை செய்யும். அதனால்தான் ஒரு தடவை ஊற்றிவிட்டு "கேட்கவில்லை" என்று அடுத்த மருந்துக்குத் தாவுவதில் அர்த்தமே இல்லை, புள்ளிகள் மறைந்த அன்றே நிறுத்துவதிலும் இல்லை.

நீந்தும் குஞ்சுகளுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். இதுதான் நமக்கு வாய்ப்பு. எல்லா மீனையும், புள்ளி இல்லாத மீனையும் சேர்த்து, தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டால் செடித் தொட்டியில் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை. இறாலையும் நத்தையையும் அது பிடிக்காது, அவை செடிகளோடு அங்கேயே இருக்கலாம். தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு வாரத்தில் சுழற்சி முடிந்துவிடும் என்றாலும் இரண்டு வாரம் மீன் இல்லாமல் விடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் எல்லாமே மெதுவாக நடக்கும் என்பதால் இன்னும் அதிகம். அந்த நாட்களில் ஃபில்டர் பாக்டீரியா பட்டினி கிடக்காமல் இருக்க ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள், இறாலுக்கும் அது ஆகும். ஒரு சொட்டு மருந்து படாமல் தொட்டி சுத்தமாகிவிடும்.

மீன்கள் நிறைய, பிடிக்கவே முடியாது, இல்லை அவ்வளவு பெரிய டப் கிடையாது என்றால் தொட்டியிலேயே வெப்பம் கொடுக்கலாம். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி 10 முதல் 14 நாள் வையுங்கள், மண்ணை நாள் விட்டு நாள் மேலோட்டமாக உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் கரையக்கூடிய இடத்தில் 30 டிகிரியில் 7.5தான். அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ராத்திரி பகலாக ஓட வேண்டும், சிஓ2 நிற்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் இந்த வெப்பத்தைத் தாங்கும், கிரிப்டோ சில இலைகளை உருக்கிவிட்டு மறுபடி துளிர்க்கும். மாஸ் வகைகளும் நுண்ணிலைத் தண்டுச் செடிகளும் கொஞ்சம் வாடலாம். ஆனால் கோல்டுஃபிஷ், ஒயிட் கிளவுட் மினோ, ஹில்ஸ்ட்ரீம் லோச் போன்ற குளிர்ந்த நீர் மீன்களுக்கும் கிரிஸ்டல் இறாலுக்கும் இந்த முறை கூடவே கூடாது. வெப்பத்தைத் தாங்கும் வெண்புள்ளி வகைகளும் உண்டு, மூன்று நான்கு நாளில் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் அடம்பிடிக்காமல் மருந்துக்கு மாறுங்கள்.

எந்த மருந்து எதைக் கெடுக்கும்

*தாமிரம்.* காப்பர் சல்ஃபேட் ஆகட்டும், வேறு வடிவ தாமிர மருந்து ஆகட்டும், செடித் தொட்டியில் ஊற்றவே கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதைத்தான். இறாலையும் நத்தையையும் கொல்லும். மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முதலில் மருந்து பலிக்காது, பிறகு முழுசாகப் போகவும் போகாது. காரத்தன்மை குறைந்த மென்னீரில் மீனுக்கே விஷம், செடித் தொட்டிகள் பலவும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். செடி உரத்தில் தாமிரம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள், அது நுண்ணூட்ட அளவு, மருந்தின் அளவோடு ஒப்பிட முடியாது.

*மெத்திலீன் புளூ.* முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் நைட்ரைட் விஷத்துக்கும் அருமையான மருந்து, ஆனால் தனி டப்பில் மட்டும். ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும், செடியைக் கெடுக்கும், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கானை நீலமாக்கும்.

*மலக்கைட் கிரீன், ஃபார்மலின்.* வெண்புள்ளி மருந்துகளில் பெரும்பாலானவை இவை இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கும். லேபிளைப் படித்தால் தெரியும். மலக்கைட் கிரீன் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், அதனால் விளக்கு அணைத்த பிறகு போட வேண்டும். லோச், கெளுத்தி வகை போன்ற செதில் இல்லாத அல்லது மிக நுண்ணிய செதில் உள்ள மீன்களுக்கும் டெட்ரா போன்ற சின்ன மீன்களுக்கும் பாதி அளவு என்று பல புட்டிகளிலேயே எழுதியிருக்கும், அதை மீற வேண்டாம். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்னும், ஏர் ஸ்டோன் இல்லாமல் தொடவே கூடாது. இரண்டையும் கையுறை இல்லாமல் கையாளாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இதெல்லாம் தனித் தொட்டிக்கான மருந்துகள்.

*உப்பு.* எளிதில் கிடைப்பதால் பாதிப்பு இல்லாதது என்று நினைக்கிறோம். லிட்டருக்கு 1 கிராம் வரை பல செடிகள் தாக்குப்பிடிக்கும், நோய்க்குத் தேவைப்படும் 2, 3 கிராம் என்று போனால் கபோம்பா போன்ற மென்மையான செடிகள் உருக ஆரம்பிக்கும். உப்பு ஆவியாகாது, ஃபில்டரில் போடும் கார்பனில் (உறிஞ்சும் கரியில்) பிடிபடாது, தண்ணீர் மாற்றினால்தான் போகும். ஆவியானதற்கு ஈடாகத் தண்ணீர் விடும்போது மறுபடி உப்பு சேர்த்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். உப்புக் குளியல் வேண்டும் என்றால் தனிப் பாத்திரத்தில், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள், மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

*ஆன்டிபயாடிக்.* டெட்ராசைக்ளின் வகை கடின நீரில் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொண்டு பலமிழந்துவிடும், வெளிச்சம் பட்டால் தண்ணீர் பழுப்பாகி நுரைக்கும். எரித்ரோமைசின் நீலப்பச்சைப் பாசியைக் கொல்லும் என்பதால் செடித் தொட்டியில் அதைப் பாசி மருந்தாகப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செத்த பாசி அழுகி ஆக்சிஜனைக் குறைத்து அம்மோனியாவை ஏற்றும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும் வளரும். கையால் எடுத்துவிட்டு மூன்று நான்கு நாள் தொட்டியை முழு இருட்டாக்கினாலே பெரும்பாலும் போய்விடும். மீனுக்கான ஆன்டிபயாடிக் என்றால், முடிந்தவரை மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு, தனித் தொட்டியில், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள்.

*பொட்டாசியம் பெர்மாங்கனேட்.* கரிமக் கழிவு எதைப் பார்த்தாலும் அதோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும். செடித் தொட்டியில் இலை, மண், மரக்கட்டை என்று கரிமப் பொருள்தான் நிறைய, அதனால் மீனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடவே முடியாது.

சரி, செடித் தொட்டியிலேயே போடக்கூடியது எதுவுமே இல்லையா என்றால் இருக்கிறது. செவுள் புழு, தோல் புழு, நாடாப்புழுவுக்கான *பிராசிகுவான்டெல்* செடிக்கும் இறாலுக்கும் ஃபில்டருக்கும் பொதுவாகத் தொல்லை தராது. தண்ணீரில் லேசில் கரையாது, ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். செவுள் புழுவின் முட்டையை அது கொல்லாது, சுமார் ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். கப்பி வகையில் அடிக்கடி வரும் காமல்லானஸ், அதாவது ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தொங்கும் புழுவுக்கு *லெவாமிசோல்*, லிட்டருக்கு 2 மில்லிகிராம். விளக்கை அணைத்து 24 மணி நேரம் வைத்து, பிறகு மண்ணை நன்றாக உறிஞ்சிப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. புழு மயங்கித்தான் வெளியே விழும் என்பதால் அந்த உறிஞ்சலை விட்டுவிடக் கூடாது. இந்த இரண்டு மருந்துக்கும் அலங்கார நத்தைகளை மட்டும் முன்கூட்டியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. *ஃபென்பெண்டசோல்* இறாலை விட்டுவிடும், ஆனால் நெரைட் போன்ற நத்தைகளைக் கொல்லும், மண்ணில் நீண்ட நாள் தங்கும். குடலில் வாழும் ஹெக்சமிட்டா என்கிற ஒட்டுண்ணிக்கு *மெட்ரோனிடசோல்*: மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால் தீனியில் ஜெலட்டின் வைத்துப் பிசைந்து கொடுப்பதுதான் சிறந்த வழி, தண்ணீரில் கலந்தால் குடலுக்குள் போவது குறைவு. சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் தண்ணீரில்தான் போட வேண்டியிருக்கும், அதனால் மீன் தீனியைத் துப்ப ஆரம்பிக்கும் முதல் நாட்களிலேயே கவனியுங்கள்.

மருந்து உள்ளே இருக்கும் நாட்களில்

தண்ணீரில் கரைந்திருப்பதை உறிஞ்சும் கார்பன், பியூரிஜென் போன்றவற்றை ஃபில்டரிலிருந்து எடுத்துவிடுங்கள், யூவி விளக்கு இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிய மருந்தை அவையே விழுங்கிவிடும். ஸ்பாஞ்சும் பாக்டீரியா குடியிருக்கும் பயோ மீடியாவும் அப்படியே இருக்கட்டும். சிஓ2 நிறுத்துங்கள் அல்லது பாதியாகக் குறையுங்கள், திரவ கார்பன் என்று விற்கும் குளூட்டரால்டிஹைடை அறவே நிறுத்துங்கள், அது தானே ஒரு கிருமிநாசினி, இன்னொரு மருந்தோடு சேர வேண்டாம். உரத்தையும் தள்ளிப்போடலாம், விளக்கை 6 மணி நேரத்துக்குக் குறைக்கலாம், இரண்டு வாரத்தில் ஆரோக்கியமான செடி எதுவும் செத்துவிடாது. தீனி பாதி. புதிய தண்ணீர் விடும்போது குளோரின் நீக்கி தேவைதான், ஆனால் மருந்து போட்ட கையோடு ஊற்றாதீர்கள், சில மருந்துகளோடு அது வினைபுரியும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் போடலாம் என்று புட்டியிலேயே எழுதியிருந்தால் ஒழிய சேர்க்காதீர்கள்.

முதல் மருந்து போட்ட பிறகு ஒரு மணி நேரம் எங்கும் போகாமல் தொட்டியைப் பாருங்கள். மீன் துள்ளினாலோ, பக்கவாட்டில் சாய்ந்தாலோ, மேலே மூச்சுக்குத் திணறினாலோ, இறால் எல்லாம் ஒரே நேரத்தில் மேல் நோக்கி ஓடினாலோ அரைத் தொட்டித் தண்ணீரை உடனே மாற்றி, புதுக் கார்பன் போடுங்கள். இதற்காகக் குளோரின் நீக்கிய தண்ணீரும் கார்பனும் மருந்து ஊற்றுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் நோய்த் தொட்டியில் கை விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்கிற கிருமி காயத்தின் வழியாக மனிதத் தோலிலும் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

முடிந்த பிறகு

கடைசி அறிகுறி மறைந்து சில நாள் ஆனபின் பாதித் தண்ணீரை மாற்றி, புதுக் கார்பனை ஒரு வாரம் ஓடவிட்டு, எடுத்து எறியுங்கள். உருகிய இலை, செத்த நத்தை எதையும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். அடுத்த இரண்டு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதியுங்கள். மருந்தில் பிழைத்த மீன் அதற்கு அடுத்த வாரம் சாவது பெரும்பாலும் ஃபில்டர் செத்ததால்தான், நோய் திரும்பியதால் இல்லை. அம்மோனியா தலைகாட்டினால் தீனியைக் குறைத்துத் தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், வேகமாக வளரும் மிதக்கும் செடிகள் இருந்தால் அவையும் அம்மோனியாவை இழுத்துக்கொள்ளும். சிஓ2வை ஒரே நாளில் பழைய அளவுக்கு ஏற்றாமல் நான்கைந்து நாளில் ஏற்றுங்கள். வேறிடத்தில் வைத்திருந்த இறாலைத் திருப்பி விடும்போது முதலில் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, இரண்டு நாள் நன்றாக மேய்கின்றனவா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை விடலாம்.

மருந்துத் தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். மீதி மருந்தை இருட்டான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல், திறந்த தேதியைப் புட்டியில் எழுதி வையுங்கள். ஃபார்மலினை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். அதிகக் குளிரில் அடியில் வெள்ளைப் படிவு உண்டாகும், அது மீனுக்குக் கொடிய விஷம், அப்படிப் படிந்த புட்டியிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குப் போகக் கூடாது.